எறிந்துவிடும் விரிப்பு: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் ‘அண்டர்பேட்’ என்று கேட்டால், அளவை மட்டும் விசாரித்துவிட்டு எடுத்து வைப்பார்கள். நோயாளிக்கு அடியில் விரித்து, நனைந்ததும் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். துவைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம். இதே வாக்குறுதியோடு இன்னொரு பொருளும் விற்கிறது. நெய்யாத் துணியில் வெட்டிய மெல்லிய விரிப்பு, ஒரு தலையணை உறை, சில சமயம் ஒரு போர்வை, எல்லாம் சேர்ந்த பாக்கெட். ரயிலிலும் விடுதியிலும் யார் படுத்ததோ என்று தயங்குகிறவர்களுக்கு அது.

இரண்டும் ‘டிஸ்போசபிள்’ என்ற ஒரே பெயரில் விற்றாலும் வேலை வேறு. முதலாவது ஈரத்துக்கு வந்தது, இரண்டாவது சந்தேகத்துக்கு வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துவதால்தான், ‘வசதி’ என்று ஒரு சாராரும் ‘குப்பை’ என்று ஒரு சாராரும் சண்டையிட்டு எந்த முடிவுக்கும் வராமல் போகிறோம். வீடு, மருத்துவமனை, ரயில், யாத்ரீகர் விடுதி ஆகிய நான்கு இடங்களையும் தனித்தனியே பார்த்தால், ஈரம் உள்ள இடத்தில் எறியும் விரிப்புக்கு நியாயம் இருப்பதும், சந்தேகம் மட்டுமே உள்ள இடத்தில் அது தப்பான மருந்தாக இருப்பதும் தெரியும்.

முன்பு எறிந்தது எது?

படுக்கை மாற்றுவது நம் வீடுகளில் ஒரு காலத்தில் பெரிய வேலையே இல்லை. முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிப் படுகையில் கோரை விளைகிறது; கோரைப்பாய் அங்கே நெய்தது. காலையில் உதறிச் சுருட்டிச் சுவரில் சாத்தினால் முடிந்தது. அழுக்கானால் தண்ணீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் போடலாம். உரித்துத் துவைக்க விரிப்பு, உறை என்ற பேச்சே மெத்தையும் கட்டிலும் பரவிய பிறகு வந்ததுதான்.

ஆனாலும் எறியும் படுக்கை நமக்குப் புதிதல்ல. அம்மை கண்டவரை வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தார்கள். இலை வாடியதும் மாற்றினார்கள். தீக்காயம் பட்டவரை வாழை இலையில் கிடத்தினார்கள். இலையின் மேற்பரப்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது தோலைப் பிய்க்காது. இதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. தீக்காயத்துக்கு வாழை இலைக் கட்டு வலியில்லாமல் பயன்படுகிறது என்று மும்பை மருத்துவர்கள் நோயாளிகளிடம் சோதித்து, 2003இல் தீக்காய மருத்துவத்துக்கான சர்வதேச ஆய்விதழில் எழுதினார்கள். இறந்தவர் கிடந்த பாயும் தலையணையும் வீட்டுக்குள் திரும்பாமல் சுடுகாட்டோடு போய்விடும். இதைக் கவனித்தால் ஒரு கணக்கு புரியும். நோய்நீர், புண், மரணம் என்று உடலின் கசிவு தொட்ட இடத்தில்தான் பழைய வழக்கம் படுக்கையை எறிந்தது. மற்ற நாளெல்லாம் துவைத்தது.

யார் துவைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றின் துணியும் மாதவிலக்குத் துணியும் வண்ணார் வீட்டுக்குப் போகும். வெள்ளாவி வைத்து வெளுத்த வேறு துணி ‘மாற்று’ என்று திரும்பி வரும். இன்றைய பெரிய மருத்துவமனைகள் சலவை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுச் செய்வதும் இதே சுழற்சிதான். அன்றைக்கு அந்த ஒப்பந்தம் சாதியின் பேரில் எழுதப்பட்டிருந்தது, கூலி தானியமாகவும் மிச்சச் சோறாகவும் அளக்கப்பட்டது. தலித் குடும்பங்களுக்குத் துவைத்த புதிரை வண்ணார் ஒடுக்கப்பட்டவர்களிலும் ஒடுக்கப்பட்டவர்களாக வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கெனத் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்தது 2009இல்தான். ‘அந்தக் காலத்தில் எதையும் வீணாக்கவில்லை’ என்ற பெருமைப் பேச்சில் இந்தப் பகுதி விட்டுப்போகிறது. இன்று துவைப்பதை ஆதரிக்கிறவர்கள், அந்த வேலை இயந்திரத்துக்கும் நல்ல கூலிக்கும் மாற வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வீட்டில்: எழ முடியாதவரின் படுக்கை

எறியும் விரிப்பின் மிக நியாயமான வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறார். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு, 2021க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்க, ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வயதான தம்பதிகளில் ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம். எழுபது வயதுப் பெண்மணி எண்பது வயதுக் கணவரின் நனைந்த விரிப்பை நடுராத்திரியில் மாற்றுகிறார். ‘சுலபமான படுக்கை மாற்றம்’ என்று விளம்பரம் சொல்வதன் உண்மைப் பொருள் அந்த நேரத்தில்தான் விளங்கும்.

எழ முடியாதவரின் விரிப்பை மாற்ற ஒரு முறை உண்டு. செவிலியர் பள்ளியில் முதலில் கற்றுக்கொடுப்பவற்றில் ஒன்று. நோயாளியை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, அவர் முதுகுப் பக்கம் உள்ள அழுக்கு விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகை ஒட்டித் தள்ள வேண்டும். காலியான பாதிக் கட்டிலில் புது விரிப்பைப் பரப்பி, மீதியைச் சுருட்டி பழைய சுருளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு அவரை இரண்டு சுருள்களின் மேலாக மறுபக்கம் திருப்பினால் அழுக்குச் சுருளை உருவலாம், புதுச் சுருளை விரித்து இழுக்கலாம். கடைசியில் சுருக்கம் இல்லாமல் நீவிவிட வேண்டும். ஒரு மடிப்பு போதும், படுக்கைப் புண்ணுக்கு வழிவிட. இரண்டு பேர் இருந்தால் சில நிமிட வேலை. ஒருவரே செய்தால் முதுகு ஒடிந்துவிடும்.

இந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் ரப்பர் ஷீட்டும் அதன்மேல் இடுப்புப் பகுதிக்கு மட்டும் போடும் குறுக்குத் துணியும் வந்தன. ஆஸ்பத்திரியில் இன்றும் அந்த ரப்பர் ஷீட்டுக்கு ‘மெக்கின்டாஷ்’ என்றுதான் பெயர். 1823இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை பெற்ற சார்லஸ் மெக்கின்டாஷ் நம் வார்டுகளில் இப்படி வாழ்கிறார். முழு விரிப்பையும் மாற்றாமல் நடுத்துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற அந்த யோசனையின் அடுத்த படிதான் அண்டர்பேட்.

ஒரு அண்டர்பேடைக் கத்தரித்துப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். உடலைத் தொடும் மேல்பக்கம் பாலிபுரோப்பிலீன் நெய்யாத் துணி. நடுவே மரக்கூழ்ப் பஞ்சு, அதில் உப்புக்கல் போன்ற வெண்துகள்கள் கலந்திருக்கும். ஈரம் பட்டால் அவை களியாக உப்பும். அடியில் ஈரம் கீழே இறங்காதபடி பாலிஎத்திலீன் தாள். அந்தத் துகள்கள் வெறும் தண்ணீரைத் தம் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அங்கே திறன் பல மடங்கு குறைந்துவிடும். விற்பனையாளர் டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டும் வித்தையை நம்பி, ‘இரவு முழுக்க ஒன்றே தாங்கும்’ என்று வாங்குகிறவர்கள் விடியற்காலையில் ஏமாறுவது இதனால்தான்.

செலவையும் பார்க்க வேண்டும். ஒன்று 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று போட்டால் மாதம் 2,700 ரூபாய். 2023இல் உயர்த்தப்பட்ட பிறகு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் ஆனது. உதவித்தொகையை நம்பி இருப்பவருக்கு எறியும் விரிப்பு எட்டாத பொருள். அவர் வீட்டில் பழைய பருத்தி வேட்டியின் கிழிசல்தான் இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறது. நன்கு துவைத்து நைந்த வேட்டி ஈரம் உறிஞ்சும், தோலை உராயாது. அதை நித்தம் துவைத்துக் காயவைக்க ஆள் வேண்டும் என்பதுதான் குறை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பல வீடுகள் தாமாகவே கண்டுபிடித்திருக்கின்றன. பகலில் ஆள் இருக்கும்போது துணி, இரவில் அண்டர்பேட். அல்லது ரப்பர் ஷீட், துணி, அதன்மேல் மறுபடி ரப்பர் ஷீட், துணி என இரட்டை அடுக்கு. மேலடுக்கு நனைந்தால் உருவி எடுத்தால் கீழே தயாராக இன்னொன்று இருக்கும். படுக்கையில் நனைக்கும் குழந்தைக்கு இந்த அடுக்கு அருமையானது. படுக்கைப் புண் வரக்கூடிய நோயாளிக்கு, அதிலும் வாடகைக்கு எடுத்த ஏர் பெட்டில் இருப்பவருக்கு, இது ஆகாது. அடுக்கு கூடக்கூட காற்று மெத்தையின் பலன் குறையும், சூடும் வியர்வையும் தேங்கும். எந்த விரிப்பானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் வேலைக்கு மாற்றே கிடையாது. அண்டர்பேட் ஈரத்தை மறைத்துவிடுவதால், ‘இன்னும் நனையவில்லையே’ என்று அந்தத் திருப்புதல் தள்ளிப்போவதும் உண்டு.

மருத்துவமனையில்: தியேட்டர் வேறு, வார்டு வேறு

அறுவைக் கூடத்தில் நோயாளியின் மேல் போர்த்தும் விரிப்பும் மருத்துவர் அணியும் அங்கியும் எறியும் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் தனியார் மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்டது. அறுவைத் தொற்றைத் தடுப்பது பற்றி 2016இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அப்படிச் சொல்லவில்லை. கிருமிநீக்கம் செய்தவை என்றால் எறியும் நெய்யாத் துணியும் சரி, மறுபடி பயன்படுத்தும் நெய்த துணியும் சரி, எதையும் பயன்படுத்தலாம் என்பதே அதன் பரிந்துரை. ஆய்வாளர் மைக்கேல் ஓவர்கேஷ் 2012இல் இரண்டு வகையையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வில், துவைக்கச் செலவாகும் நீரையும் ஆற்றலையும் கணக்கில் சேர்த்த பிறகும் மறுபயன்பாட்டுத் துணியே சிக்கனமாக வந்தது. கழிவில் வித்தியாசம் பல மடங்கு. நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையின் கண்புரை அறுவையை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒரு அறுவைக்கு ஆகும் கரிம வெளியேற்றம் பிரிட்டனில் ஆவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்றது. ஒருமுறைப் பொருளைக் குறைத்து, பாதுகாப்பாக மறுபடி பயன்படுத்துவது அதற்கு முக்கியக் காரணம். பிரசவ மேசை, ரத்தப்போக்கு, கடும் வயிற்றுப்போக்கு, தொற்று வார்டு ஆகிய இடங்களில் உறிஞ்சும் அண்டர்பேட் உண்மையிலேயே கைகொடுக்கிறது. அங்கே வேகம் வேண்டும், துணியை அலசுகிறவருக்கும் ஆபத்து உண்டு.

பொது வார்டில் பிரச்சினை வேறு. அங்கே விரிப்பு நனைந்திருக்கிறதா என்பதல்ல, மாற்றினார்களா என்பதே நோயாளியின் உறவினருக்குள்ள கேள்வி. இதற்குப் பீகார் அரசு மருத்துவமனைகள் கண்ட வழி எளியது: கிழமைக்கு ஒரு நிறம். திங்கட்கிழமை நிறம் செவ்வாய்க்கிழமை கட்டிலில் கிடந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் வார்டு பாயைக் கூப்பிட்டுக் கேட்கலாம். எதையும் எறியாமலே நம்பிக்கையை உண்டாக்கும் ஏற்பாடு இது.

துவைத்தால் கிருமி சாகுமா என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. 71 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் 25 நிமிடம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல். உவர்மண்ணில் ஊறிய துணியை ஆவியில் வேகவைத்த வெள்ளாவியும் செய்தது சூட்டால் கிருமி கொல்லும் இதே வேலையைத்தான். குளிர்ந்த நீரில் சோப்புத் தூள் போட்டு அலசிக் கொடியில் போடும் சலவைதான் கேள்விக்குரியது. அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் சலவைக் கூடமே.

ரயிலில்: போர்வையின் மேலுள்ள சந்தேகம்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டியில் ஏறினால் காகித உறையில் இரண்டு விரிப்பு, ஒரு துண்டு, கூடவே தலையணையும் கம்பளியும் கிடைக்கும். 2020 மார்ச்சில் கொரோனாவோடு இந்த வழக்கம் நின்றது. 2022 மார்ச் 10ஆம் தேதி ஆணையோடு திரும்பியது. இடைப்பட்ட காலத்தில்தான் எறியும் படுக்கைப் பாக்கெட் ரயில் நிலையங்களில் விற்பனைக்கு வந்தது. நாட்டின் பல நிலையங்களில் 150 முதல் 300 ரூபாய் வரை விலை. துவைத்த விரிப்பு திரும்பியதும் பெரும்பாலான பயணிகள் அதை மறந்துவிட்டார்கள்.

அதாவது பயணிகள் கேட்டது எறியும் விரிப்பை அல்ல, சுத்தமான விரிப்பை. உண்மையான குறையும் விரிப்பில் இல்லை. விரிப்பு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சலவைக்குப் போகிறது. கம்பளி அப்படிப் போவதில்லை. பல பணிமனைகளில் கம்பளிகள் மாதக்கணக்கில் வெளுக்கப்படாமல் கிடந்ததை 2017ஆம் ஆண்டு மத்திய தணிக்கை அறிக்கை எடுத்துக் காட்டியது. மாதத்துக்கு ஒருமுறையாவது கம்பளி துவைக்கப்படுவதாக 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மாதத்தில் எத்தனை பேர் போர்த்தியிருப்பார்கள் என்று பயணி விரல்விட்டு எண்ணிக்கொள்கிறார். 2025 அக்டோபரில் ஜெய்ப்பூர்–அசார்வா ரயிலில் கம்பளிக்கு உறை போட்டுக் கொடுக்கும் சோதனை தொடங்கியது. சாங்கானேர் அச்சுத் துணியில் தைத்த, கழற்றித் துவைக்கக்கூடிய உறை. துவைக்கக் கடினமான பொருளை மூட, துவைக்கச் சுலபமான ஒன்று. சந்தேகத்துக்கு இதுதான் நேரான பதில். படுக்கை வசதிப் பெட்டிப் பயணிகளுக்கும் சுத்தமான விரிப்பும் தலையணையும் 50 ரூபாய் கட்டணத்தில் தரும் திட்டத்தைச் சென்னைக் கோட்டம் 2026 சனவரி முதல் சில ரயில்களுக்கு அறிவித்ததும் துவைக்கும் துணியை நம்பித்தான்.

யாத்ரீகர் விடுதியில்: மார்கழி நெருக்கடி

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி பகல்பத்து, இராப்பத்து என்று மூன்று வாரம் நீளும் திருவிழா. பரமபதவாசல் திறக்கும் நாளையொட்டிச் சின்ன லாட்ஜுகளில்கூட அறை கிடைக்காது. கொள்ளிடக் கரையில் பஞ்சக்கரைப் பக்கம் 2014இல் திறந்த அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸும் நிரம்பிவிடும். காலையில் ஒரு குடும்பம் காலி செய்தால் மதியத்துக்குள் அடுத்த குடும்பம் பெட்டியோடு நிற்கும். மார்கழி மேகமூட்டத்தில் துணி சீக்கிரம் காயாது. ‘பேசாமல் எறியும் விரிப்பு வாங்கிவிடலாம்’ என்று விடுதிக்காரருக்குத் தோன்றும் நேரம் இது.

ஆனால் அது இங்கே எடுபடாது. நெய்யாத் துணி வியர்வையை உறிஞ்சாது, புரண்டால் சரசரக்கும், மெத்தையைவிட்டு நழுவும். கோடையில் 40 டிகிரி தொடும் திருச்சியில் ஏசி இல்லாத அறையில் அதன்மேல் படுத்தவர் மறுமுறை அந்த விடுதிக்கு வரமாட்டார். கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று கட்டிலுக்கு மூன்று செட் வைத்திருப்பது விடுதித் தொழிலின் பால பாடம். திருவிழா மாதத்துக்கு அதை நான்காக்குவதும், ஒரு உலர்த்தும் இயந்திரம் போடுவதும்தான் தீர்வு. பூப்போட்ட அடர்நிற விரிப்பு கறையை மறைக்கும், சந்தேகத்தை வளர்க்கும். வெள்ளை விரிப்பை முன்கூட்டியே போட்டு வைக்காமல், இஸ்திரி மடிப்போடு கட்டிலில் வைத்துவிட்டு, விருந்தினர் வந்ததும் ரூம் பாய் அவர் கண்ணெதிரே விரித்தால் ஒரு காசு செலவில்லாமல் சந்தேகம் தீரும்.

எறிந்தது எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் நெய்யாத் துணிப் பையும் ஒன்று. அதே பாலிபுரோப்பிலீனை விரிப்பாக வெட்டி விற்றால் தடை இல்லை. பலமுறை பயன்படக்கூடிய பைக்குத் தடை, ஒரே இரவில் குப்பையாகும் விரிப்புக்கு அனுமதி என்ற முரண்பாட்டை யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. மருத்துவமனைக்குள் நிலைமை தெளிவு: ரத்தமோ உடல்நீரோ பட்டு எறியப்படும் படுக்கைத் துணி 2016 உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பிரிவு, கிருமிநீக்கம் செய்து எரியுலைக்குப் போக வேண்டும். வீட்டில் அதே பொருளின் கதி வேறு. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பர், நாப்கின் இவற்றோடு சிறுநீர் உறிஞ்சும் விரிப்பையும் பெயர் சொல்லிச் சுகாதாரக் கழிவில் சேர்த்து, தனியே பொதிந்து கொடுக்கச் சொல்லியிருந்தன. நடப்பில் அது தாளில் சுற்றிய கனத்த உருண்டையாக மற்ற குப்பைக்குள் புகுந்து, பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் அவிழ்கிறது. வண்ணார் கையிலிருந்து விடுபட்ட வேலை, கையுறை இருந்தும் இல்லாமலும் வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது.

2016 தூய்மை நகரப் பட்டியலில் நாட்டிலேயே மூன்றாம் இடம் பெற்ற ஊர் திருச்சி. அரியமங்கலத்தில் ஏறக்குறைய 47 ஏக்கரில் பல்லாண்டு சேர்ந்த குப்பை மலையைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தலையில் சுமந்ததும் இதே ஊர்தான். மாநகராட்சியின் நுண்ணுர மையங்கள் காய்கறிக் கழிவை உரமாக்கும். பிளாஸ்டிக்கும் களியும் சிறுநீரும் கலந்த விரிப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

மாற்றுக்கான மூலப்பொருளும் அனுபவமும் இங்கேயே இருக்கின்றன. 1987 முதல் திருச்சியில் இயங்கும் கிராமாலயா தொண்டு நிறுவனம், கழிப்பறை இயக்கத்தோடு நிற்காமல் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களையும் தயாரித்துப் பரப்பிவருகிறது. அதன் நிறுவனர் தாமோதரன் 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். பெரியவர்களுக்கான உறிஞ்சு விரிப்பையும் அதே தையல் முறையில், அடியில் நீர் புகாத துணி வைத்துத் தைக்கலாம். எறிந்தே ஆக வேண்டிய இடத்துக்கு வாழை நார் இருக்கிறது. 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியை அடுத்த தாயனூரில் உள்ளது. சுற்றிலும் தார் வெட்டிய மரங்கள் தோட்டத்திலேயே அழுகுகின்றன. வாழை நாரில் நாப்கின் தயாரிப்பது குஜராத்தில் ஏற்கெனவே நடக்கிறது. அமெரிக்கப் பைன் மரக்கூழை நம்பியிருக்கும் உறிஞ்சு பஞ்சுக்குப் பதில் உள்ளூர் நார் வந்தாலும், அடித்தாள் பிளாஸ்டிக்காக இருக்கும்வரை அது முழுத் தீர்வாகாது. அதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

ரயிலும் விடுதியும் எறியும் விரிப்பைத் தேட வேண்டியதில்லை. அவை துவைப்பதைக் கூட்டி, துவைத்ததைக் கண்ணுக்குக் காட்டினால் போதும். பொது வார்டுக்குக் கிழமை நிறம் பொருந்தும். அறுவைக் கூடத்தில் நல்ல சலவையும் கிருமிநீக்கமும் உள்ள மருத்துவமனை துணிக்குத் திரும்பலாம். பிரசவத்துக்கும் தொற்றுக்கும் அண்டர்பேட் இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது வீட்டுக் கட்டில். அங்கே எறியும் விரிப்பை வேண்டாம் என்று சொல்ல வெளியிலுள்ள யாருக்கும் உரிமை இல்லை. இரவில் தனியாக ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறவருக்குத்தான் அந்த முடிவு. அதனால் அரசு இறங்க வேண்டிய இடமும் இதுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிநிவாரணச் செவிலியர்கள் வீடுகளுக்கே போகிறார்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. இரவுக்கு ஒன்று என்ற கணக்கில் அண்டர்பேடும், பகலுக்குத் துவைக்கும் துணி விரிப்பு நான்கும் அந்தப் பட்டியலின்படி கொடுக்கலாம். அதே பட்டியலை மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குத் தந்தால், அந்த வீடுகளிலிருந்து மட்டும் சுகாதாரக் கழிவைத் தனிப் பையில் நாள்தோறும் எடுத்து எரியுலைக்கு அனுப்ப முடியும். மாநகராட்சி எல்லா வீடுகளிலும் இதைத் தொடங்க வேண்டியதில்லை. செவிலியர் பட்டியலில் உள்ள வீடுகளில் தொடங்கினாலே போதும்.